பிரியேடோர்: ஓர் ஊரைப் பிரித்த விதம்

ஒரு கூட்டரசு உடைந்த கதை – 9

யூகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியா பத்தே நாள் சண்டையில் விடுபட்டது. அங்கே செர்பியர்கள் மிகக் குறைவு. பெல்கிரேடு அந்த மண்ணுக்காக நீண்ட போர் நடத்த விரும்பவில்லை. குரோவேஷியாவில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் செர்பியர். அதனால் வூகோவார் நகரம் 87 நாள் முற்றுகையில் இடிபாடாகி, 1991 நவம்பர் 18 அன்று வீழ்ந்தது. சென்ற வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம்.

இனி போஸ்னியா.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை 43 லட்சத்துக்கும் மேல். முஸ்லிம்கள் 44 சதவீதம் அளவில், செர்பியர்கள் 31, குரோட்டுகள் 17. இந்த மூன்றிலும் சேராமல் ‘யூகோஸ்லாவியர்’ என்று மட்டும் தம்மைப் பதிவு செய்துகொண்டவர்கள் 2,40,000 பேருக்கு மேல். பேசிய மொழி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே தெருவில், ஒரே தொழிற்சாலையில், பல இடங்களில் ஒரே குடும்பத்துக்குள்ளும் கலந்திருந்தார்கள். வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் அது யாருடைய வீட்டையாவது அறுத்துக்கொண்டுதான் போகும்.

கோடே இல்லாத மண்ணில் கோடு எப்படி வந்தது? தலைநகர் சாராயேவோவின் முற்றுகையை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் வடமேற்கில் உள்ள பிரியேடோர் என்ற ஊரில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. அந்த நகராட்சிப் பகுதியில் முஸ்லிம்கள் சுமார் 44 சதவீதம், செர்பியர்கள் 42 சதவீதம். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. இரும்புத்தாதுச் சுரங்கங்களும் சில ஆலைகளும் ஊருக்குச் சோறு போட்டன.

1990 நவம்பர் தேர்தலில் போஸ்னியா முழுவதும் மூன்று இனக் கட்சிகள் வென்று பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டன. அடுத்த ஆண்டு அக்டோபரில் செர்பிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ரதோவான் கராஜிச் போஸ்னிய நாடாளுமன்றத்திலேயே எழுந்து நின்று, தனிநாட்டுப் பாதையில் போனால் முஸ்லிம் மக்கள் அழிந்துபோக நேரிடும் என்று எச்சரித்தார். அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று அவருடைய கட்சி உள்ளூர்க் கிளைகளுக்கு ரகசிய உத்தரவு அனுப்பியது. செர்பியர் பெரும்பான்மையாக உள்ள நகராட்சிகளில் என்ன செய்வது, சிறுபான்மையாக உள்ள இடங்களில் என்ன செய்வது என்று இரண்டு விதமான திட்டம். இரண்டிலும் ‘நெருக்கடிக் குழு’ உண்டு. தனிச் செர்பிய மன்றம் உண்டு. பிரியேடோரில் அப்படியொரு மன்றம் 1992 ஜனவரி 7 அன்று கூடியது. சாராயேவோவில் முதல் குண்டு விழுவதற்கு மூன்று மாதம் முன்பே இங்கே காகிதத்தில் வேலை முடிந்துவிட்டது.

காகிதத்துக்கு முன்னால் தொலைக்காட்சி. ஊருக்கு அருகே கோசாரா மலை. அதன் ஒளிபரப்புக் கோபுரத்தை 1991 கோடையில் செர்பிய ஆயுதக் குழு ஒன்று கைப்பற்றியது. அதன்பின் சாராயேவோ நிகழ்ச்சிகள் அந்த வட்டாரத்துக்கு வரவில்லை; பெல்கிரேடு சொல்வதே செய்தி. அண்டைவீட்டுக்காரர் உங்களைக் கொல்லத் திட்டமிடுகிறார் என்பதே அந்தச் செய்தியின் சாரம்.

அதைக் கேட்டவர்களை வெறும் மூடர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். கோசாரா மலை 1942இல் ஜெர்மானியப் படையும் குரோவேஷிய பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்களும் செர்பியர்களை வேட்டையாடிய இடம். ஆயிரக்கணக்கானோர் யாசெனோவாட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிரியேடோரின் செர்பியக் குடும்பங்களில் அந்தச் சாவுகளின் நினைவு உண்மையானது, நியாயமானது. ஆனால் அதற்குப் பின் ஐம்பது ஆண்டு அதே மக்கள் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்ததும் உண்மைதானே? இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, நாள்தோறும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியது அந்தக் கோபுரம். ‘இது நூற்றாண்டுப் பகை, நாம் என்ன செய்ய முடியும்’ என்று அப்போது மேற்கத்தியத் தலைவர்கள் கை விரித்தார்கள். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களைக் காப்பாற்றும் விளக்கம்.

1992 ஏப்ரல் 29 இரவு செர்பியப் போலீஸும் ராணுவமும் பிரியேடோர் நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், வங்கி, வானொலி ஆகியவற்றைக் கைப்பற்றின. சண்டையே நடக்கவில்லை. காலையில் வானொலி அதை அறிவித்தது. நகராட்சியின் புதிய தலைவர் மிலோமிர் ஸ்டாகிச் ஒரு மருத்துவர். அவருடன் நிர்வாகத்தில் இருந்த மிலான் கோவாசெவிச்சும் மருத்துவர்தான். அடுத்த சில நாட்களில் முஸ்லிம்களும் குரோட்டுகளும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நகராட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நுஸ்ரெதா சிவாட்ஸ் வேலைக்குப் போனபோது அவரை உள்ளே விடவில்லை.

மே 24 அன்று பக்கத்து ஊரான கோசரட்ஸ்மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. அங்கே பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுடைய வீடுகள் எரிந்தன. செர்பியர் வீடு என்று அடையாளமிடப்பட்டவை தப்பின. மே 31 அன்று பிரியேடோர் வானொலியில் உத்தரவு: செர்பியர் அல்லாதோர் வீட்டுவாசலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை அணிய வேண்டும்.

பட்டை கட்டியவர்களை மூன்று இடங்களில் அடைத்தார்கள். ஓமார்ஸ்கா இரும்புச் சுரங்கம், கெராடெர்ம் பீங்கான் ஆலை, டிர்னோபோல்யே பள்ளிக்கூடம். ஓமார்ஸ்காவுக்கு முதலில் கொண்டுபோகப்பட்டவர்களில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், போலீஸ் அதிகாரிகள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஊரைத் திரும்பக் கட்டக்கூடியவர்கள் எவரும் மிஞ்சக் கூடாது என்பது கணக்கு. சிவாட்ஸும் அங்கே இரண்டு மாதம் அடைபட்டிருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். பகலில் உணவு பரிமாறவும் விசாரணை அறைகளின் ரத்தத்தைக் கழுவவும் வேண்டும், இரவில் பாலியல் வன்கொடுமை. வல்லுறவு போர்க்குற்றமாக விசாரிக்கப்பட வேண்டும் என்று பிற்பாடு விடாமல் போராடியவர்களில் சிவாட்ஸும் ஒருவர். ஹேக் நகரில் இயங்கிய சர்வதேசப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார்.

காவலாளிகளில் பலர் வெளியூர்க்காரர்கள் அல்ல. கைதிகளில் பலரால் தம்மை அடித்தவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது இதனால்தான். ஹேக் தீர்ப்பாயத்தில் முதன்முதலாக விசாரணைக்கு வந்த டுஷ்கோ டாடிச் கோசரட்ஸில் காபிக்கடை நடத்தியவர், கராத்தே பயிற்சியாளர். அவர் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவருடைய நெருங்கிய நண்பர் என்று அறியப்பட்டவரே ஓமார்ஸ்காவில் அழிந்தவர்களில் ஒருவர். டாடிச்சுக்கு 20 ஆண்டு சிறை கிடைத்தது. மருத்துவர் ஸ்டாகிச்சுக்கு மேல்முறையீட்டில் 40 ஆண்டு. கோவாசெவிச் விசாரணை முடியும் முன்பே ஹேக் சிறையில் இறந்தார்.

1992 ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரிட்டிஷ் செய்தியாளர்கள் டிர்னோபோல்யே முள்கம்பிக்குப் பின்னால் எலும்பும் தோலுமாய் நின்றவர்களைப் படமெடுத்தார்கள். உலகம் அதிர்ந்தது, ஓமார்ஸ்கா அந்த மாதமே மூடப்பட்டது. ஆனால் வேலை அதற்குள் முடிந்திருந்தது. பிரியேடோர் பகுதியில் கொல்லப்பட்டவர்கள் 3,000 பேருக்கு மேல். அவர்களில் 102 பேர் குழந்தைகள். 49,000 அளவில் இருந்த முஸ்லிம்கள் 1993இல் ஆறாயிரம் சொச்சம். 2013இல்தான் டொமாஷிட்சா என்ற இடத்தில் 400க்கும் மேற்பட்ட உடல்கள் கொண்ட புதைகுழி தோண்டப்பட்டது. அது அங்கே இருப்பதை அறிந்த பலர் இருபது ஆண்டு வாய் திறக்கவில்லை.

ஓமார்ஸ்கா சுரங்கத்தை 2004இல் வாங்கியது லட்சுமி மிட்டலின் எஃகு நிறுவனம். முகாம் நடந்த கட்டடத்தில் நினைவிடம் அமைக்க அது அடுத்த ஆண்டு முன்வந்தது; உள்ளூர் எதிர்ப்பால் 2006இல் திட்டம் நின்றது. உயிர் தப்பியவர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று அங்கே கூடுகிறார்கள். 2012 முதல் மே 31 அன்று கையில் வெள்ளைப் பட்டை கட்டி பிரியேடோர் தெருவில் நடக்கிறார்கள். அந்த 102 குழந்தைகளுக்கு நகரின் நடுவே ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்பது பெற்றோரின் கோரிக்கை. இவ்வளவு சிறிய கோரிக்கைக்காக ஒரு தகப்பன் இத்தனை ஆண்டு நடக்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

கோசரட்ஸ் மக்களில் கணிசமானோர் 1990களின் இறுதியிலிருந்து திரும்பி வந்து, எரிந்த வீடுகளைத் தாமே எழுப்பினார்கள். வெளிநாடுகளில் உழைத்த உறவினர்கள் பணம் அனுப்பினார்கள். இன்று கோடையில் அந்தத் தெரு நிரம்பிவழிகிறது. ஆனால் அவர்கள் திரும்பிவந்த மண் ‘செர்பியக் குடியரசு’ என்ற நிர்வாகப் பிரிவுக்குள் இருக்கிறது. நாட்டின் 49 சதவீத நிலத்தை அதற்குக் கொடுத்த கோட்டை 1995 நவம்பரில் அமெரிக்காவின் ஓஹையோவில், டேட்டன் விமானப்படைத் தளத்தில் அமர்ந்து வரைந்தார்கள். அந்த மேசையில் யார் யார் இருந்தார்கள், பிரியேடோரை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)