மலையடிவாரத்து மாதர் சங்கங்கள்

மாதர் சங்கம் என்ற பெயரைக் கேட்டவுடன் நமது தேச ஊழியர்களுள் பலருக்கு இரண்டு எண்ணங்களே உதிக்கின்றன. பொதுக் கூட்டத்தின் முன்வரிசையை நிரப்ப எத்தனை பேர் வருவார்கள் என்பது ஒன்று. அவர்களுக்குச் சர்க்கார் எவ்வளவு கடன் கொடுக்கிறது என்பது மற்றொன்று. அச்சங்கத்தில் வந்து அமரும் ஒரு ஸ்திரீ, ஐந்து வருஷத்திற்குப் பின் எப்படிப்பட்டவளாக எழுந்து செல்கிறாள் என்று கேட்பவர் மிகச் சிலரே. நாட்டுக்கு வேண்டிய கேள்வி அதுவே என்பது நமது அபிப்பிராயம்.

சிலமலையையும் அதை அடுத்த ஊர்களையும் அறிந்தவர்களுக்கு இது வெறும் தத்துவ விசாரமாகத் தோன்றாது. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் பாதையில், மேற்குமலையைப் பார்த்தாற்போல் அமைந்த ஊர் சிலமலை. அந்த மலைச்சுவருக்கு அப்பால் கேரள ராஜ்யத்து இடுக்கி ஜில்லா. அங்கே ஏலத் தோட்டங்கள். தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் உழைக்கும் கைகள் பல இங்கே இருக்கின்றன. பொழுது புலருமுன்னரே கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு, ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கி உட்கார்ந்து, மலைப்பாதையின் வளைவுகளில் ஏறிப் போகும் பெண்களை இப்பக்கத்தில் காணாதவர் இரார். ஏலக்காய் கிளையில் தொங்கும் காயன்று. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் விளைவது. ஆகவே காய் எடுப்பவள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். மேலே மழை, காலில் அட்டை. பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் அடுப்பு காத்திருக்கிறது. உலர்ந்த காய் போடிக்கு வந்து சேர்ந்தால், அங்கே கிட்டங்கிகளில் அதைப் பொறுக்கித் தரம் பிரிப்பவையும் பெண்களின் விரல்களே. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவளை யாரும் ஆலோசனை கேட்பதில்லை.

இத்தகையவளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், தான் வாய் திறந்தால் பத்துப் பதினைந்து பேர் காது கொடுத்துக் கேட்கும் ஓர் இடம் கிடைப்பதானால், அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தினந்தோறும் பிரசங்கம் செய்து பழகிய ஆடவர்கள் எளிதில் அறிய மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் மாதர் ஒன்றுகூடித் தொண்டு செய்யும் வழக்கம் புதிதன்று. 1917-ம் வருஷம் மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அன்னி பெஸன்ட் அம்மையார் அக்கிராசனர். மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அதன் உயிர்நாடி. அவ்வருஷ முடிவிலேயே சரோஜினி தேவியின் தலைமையில் ஒரு தூது கோஷ்டி இந்தியா மந்திரி மாண்டேகுவைக் கண்டு பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டது. 1921-ல் சென்னைச் சட்டசபை அவ்வுரிமைக்கு இருந்த தடையை நீக்கியது. அந்தச் சங்கத்தார் முன்னிறுத்தியதால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சட்டசபைக்குள் புகுந்து அதன் உப தலைவருமானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாகக் கனிந்தது. ஆயினும் அது பட்டணத்துப் படித்த மாதரின் சங்கம். மலையடிவாரத்துக் கூலிக்காரிக்கு அதன் பெயர் கூட எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிராமத்தை நோக்கித் திரும்பிய முயற்சி நமது பக்கத்திலேயே நடந்தது. 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா காந்தி சிறையில் காலமானார். அவர் ஞாபகார்த்தமாகத் திரட்டப்பட்ட நிதி, கிராமத்து ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவாக வேண்டும் என்று மகாத்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் அதன் பொறுப்பு டாக்டர் சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. அவர் யார்? மதுரையில் மோட்டார்த் தொழிலால் பெரும் பொருள் ஈட்டிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். பாலிய விவாகம், இளமையிலேயே வைதவ்யம். அக்காலத்து வழக்கப்படி வீட்டின் ஒரு மூலையில் அவர் வாழ்க்கை முடிந்திருக்க வேண்டும். அவரோ டில்லிக்குச் சென்று வைத்தியம் படித்துத் தேறினார், பின் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்து கொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்தி கிராமத்தைத் தோற்றுவித்தனர். சிறு வைத்திய விடுதியாகத் தொடங்கியது பெரிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அதனினும் முக்கியமானது கிராம சேவிகைப் பயிற்சி. வீட்டுக்குப் பாரம் என்று தள்ளப்பட்ட பெண்கள் பிரசவம் பார்க்கவும், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லவும், நூல் நூற்கவும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களை, "முதலில் நீ முன்னுக்கு வா, பிறகு ஊருக்குத் தொண்டு செய்" என்று யாரும் சொல்லவில்லை. தொண்டு செய்ததனாலேயே அவர்கள் முன்னுக்கு வந்தார்கள். சௌந்தரம் அம்மையாரின் சொந்த வாழ்க்கையே இதற்கு அத்தாட்சி. 1952-ல் சட்டசபை, 1962-ல் பார்லிமெண்ட், அதைத் தொடர்ந்து மத்திய சர்க்காரில் கல்வித் துறை உப மந்திரி பதவி. இவை யாவும் அந்தச் சின்னாளப்பட்டி விடுதிக்குப் பின் வந்தவை.

"சௌந்தரம் அம்மையார் செல்வர் வீட்டுப் பெண், படித்தவர். எங்கள் ஊர்க் கூலிக்காரி என்ன செய்வாள்?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக மதுரை ஜில்லாவில், அழகர்மலைப் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளையைக் காட்டுகிறோம்.

இவர் எழுத்தறியாதவர். வயல் கூலி. கூலிக்காரர்களைத் திரட்டி மிராசுதாரரிடம் வேலை பேசும் கொத்துத் தலைமையை இவர் வகித்து வந்தார். கொத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் இளவயதும் வலுவும் உள்ளவர்களையே சேர்ப்பது வழக்கம். வேலை விரைவில் முடியுமல்லவா? சின்னப்பிள்ளை வயதானவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் சேர்த்தார். அவர்களுக்கும் சமமான கூலியே வேண்டும் என்று வாதாடினார். பொருளாதார நிபுணர்கள் இதை மூடத்தனம் என்பார்கள். ஆனால் தலைமை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பொருளை நாம் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

1990-ஐ ஒட்டி மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் களஞ்சியம் என்ற பெயரால் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தோன்றின. 1997-ல் ஏற்பட்ட தானம் அறக்கட்டளை அவற்றை வளர்த்தது. அமைப்பு மிக எளியது. பதினைந்து இருபது பெண்கள் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகை போடுவார்கள். சேர்ந்த பணத்தை அவர்களுக்குள்ளேயே தேவைப்பட்டவளுக்குக் கடன் கொடுப்பார்கள். வட்டி எவ்வளவு, யாருக்கு முதலில், தவணை தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களே தீர்மானிப்பது. வட்டியும் அவர்களுடைய பொதுப் பணத்திலேயே போய்ச் சேரும். குழுக்கள் பல சேர்ந்து ஒரு தொகுப்பு. தொகுப்புகள் பல சேர்ந்து வட்டாரக் களஞ்சியம். நமது தேனி ஜில்லாவில் கடமலைக்குண்டுப் பக்கத்திலும் இவ்வமைப்பு வேரூன்றியது.

பணம் இதில் ஒரு பாதிதான். குழுவின் முன் ஒருத்தி எழுந்து, "என் பிள்ளைக்கு வைத்தியச் செலவு, இரண்டாயிரம் வேண்டும்" என்று கேட்கிறாள். மற்றொருத்தி, "போன தவணையே பாக்கி இருக்கிறதே" என்கிறாள். மூன்றாமவள் இருவரையும் சமாதானம் செய்து ஒரு வழி சொல்கிறாள். கோர்ட்டில் வாதிப்பிரதிவாதிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதி செய்வதும் இதைத்தான். அவருக்குச் சம்பளம் உண்டு, இவளுக்கு இல்லை. வாரா வாரம் இப்படிக் கணக்குப் பார்த்தும், வழக்குத் தீர்த்தும், தன் பிழைக்குப் பலர் முன்னிலையில் பதில் சொல்லியும் பழகிய ஒருத்தி, தாசில்தார் கச்சேரியில் நின்று பேச ஏன் அஞ்சப் போகிறாள்? சின்னப்பிள்ளையும் அவர் தோழிகளும் அஞ்சவில்லை. பெரிய மனிதர்களே வழிவழியாக அனுபவித்து வந்த ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையை அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். சாராயத்தையும் எதிர்த்து நின்றார்கள். 2001 ஜனவரியில் டில்லியில் பெண்களுக்கான தேசிய விருதை வழங்கிய பிரதம மந்திரி வாஜ்பாயி, விருது கொடுத்த கையோடு குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. பட்டங்கள் வரட்டும், போகட்டும். அந்தக் கொத்தில் இடம் பெற்ற கிழவி தன் முழுக் கூலியை முடிந்து கொண்டு வீடு திரும்பிய நாளே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதே மலைத் தொடரில், போடிமெட்டைத் தாண்டி மூணாறில், 2015 செப்டம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் இலை கிள்ளும் தமிழ்ப் பெண்கள், போனஸை 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைத்ததைக் கண்டித்து ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். அது தொண்டர் சங்கமன்று, கூலிப் போராட்டம். ஆனால் அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. தலைமை தாங்க வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிப் பிரமுகர்களையும் அவர்கள் அருகிலேயே சேர்க்கவில்லை. பல வருஷங்களாகத் தங்கள் பெயரால் பேசி வந்தவர்கள் தங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை என்பதே அவர்கள் புகார். ஒன்பது நாளில் 20 சதவிகிதத்திற்குச் சமமான தொகை கிடைத்தது. பிற்பாடு அவர்களுக்குள் பிளவு உண்டாயிற்று. பல வருஷம் கூடிப் பழகிய சங்கம் அதற்கு அடியில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். வீரம் ஒரு வாரத்தில் பிறந்துவிடும். ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி, மறுவாரமும் சேர்ந்து உட்காருவதற்கு வருஷங்கள் வேண்டும்.

இனி நமது பக்கத்து நிலைமை. 1983-ல் சர்க்கார் மகளிர் மேம்பாட்டுக் கழகத்தை நிறுவியது. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. 1990-களின் பிற்பகுதியில் மகளிர் திட்டம் அவற்றை ராஜ்யமெங்கும் கொண்டு சென்றது. எண்ணிக்கை பெருகியது நன்றே. ஆனால் எண்ணிக்கையோடு மூன்று தீமைகளும் வந்து புகுந்தன.

முதலாவது, குழு என்ற பெயரைக் கடன் கம்பெனிகள் அபகரித்துக் கொண்டது. பத்துப் பெண்களைச் சேர்த்து உட்கார வைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பார்வைக்குச் சங்கம் போலவே இருக்கும். ஆனால் பணமும் வட்டியும் தீர்மானமும் கம்பெனியுடையவை. பெண்களுக்கு மிஞ்சுவது ஒருத்தியை ஒருத்தி காவல் காக்கும் வேலைதான். வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அவமானப்படுத்தும் வசூல்காரர்களின் அட்டூழியம் பெருகியே, 2025 ஏப்ரலில் நமது சட்டசபை அதைத் தடுக்க மசோதா நிறைவேற்ற வேண்டி வந்தது.

இரண்டாவது, ஊராட்சிப் பதவி. 2016-ல் இயற்றிய சட்டத்தால் உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2019 டிசம்பர் கிராமத் தேர்தல் அவ்விதமே நடந்தது. நாற்காலியில் மனைவி பெயர், நாற்காலியில் உட்காருபவர் புருஷர் என்ற விநோதத்தைக் காணாத தாலுகா உண்டா? சங்கத்தில் பேசிப் பழகியவளை விட்டு, பேசாதிருப்பவளாகப் பார்த்து அபேட்சகராக நிறுத்துவதன் பலன் இது.

மூன்றாவது தீமைக்கு நமது ஊழியர்களே உத்தரவாதிகள். எந்தக் கட்சியானாலும் சரி, மகாநாடு என்றால் சங்கத் தலைவிக்குச் சொல்லியனுப்பு, லாரி நிறைய ஆள் வரும் என்ற மனோபாவம் வேரோடிவிட்டது. மலையேறி ஒரு நாள் கூலி சம்பாதிக்க வேண்டியவள் வெயிலில் அமர்ந்து கைதட்டித் திரும்புகிறாள். அவளிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்கப்படுவதில்லை. பிறகு அதே ஊழியர்கள், "ஸ்திரீகளுக்கு அரசியல் ஞானம் இல்லை" என்று வருத்தப்படுகிறார்கள்!

சங்கங்களுக்கு நமது ஊழியர்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம், அக்கூட்டங்களில் அக்கிராசனம் வகிக்காமல் இருப்பது. கணக்கெழுதச் சொல்லிக் கொடுக்கலாம். மனு எழுதிக் கொடுக்கலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கலாம். தீர்மானம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

உடனடியாகச் செய்யத்தக்க ஒன்றும் உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22-ந் தேதியும் நவம்பர் 1-ந் தேதியும் கிராம சபை நாட்களாகச் சேர்க்கப்பட்டன. நவம்பர் 1, ஏலத் தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம். பகல் பதினொரு மணிக்குச் சபை கூடினால், இருட்டோடு ஜீப் ஏறிப் போனவள் அதில் எப்படிக் கலந்து கொள்வாள்? குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் யாருடைய வார்த்தை முதலில் கேட்கப்பட வேண்டுமோ, அவள் இல்லாமலே தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. சிலமலை முதலிய ஊர்களில் அன்றைய சபையை மாலை ஏழு மணிக்கு, ஜீப்புகள் திரும்பிய பின் கூட்டும்படி நமது ஊழியர்கள் இப்போதே மனுக் கொடுக்கட்டும். அன்று இரவு அடுப்பை யார் கவனிப்பது என்பதையும் அவரவர் வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துக் கொள்ளட்டும்.