வீட்டுத் தோட்டத்திற்கு ஒரு மரப்பாலம்



கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் போட்டிருப்பவர்கள் பலருக்கு ஒரு தொல்லை உண்டு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடும். முருங்கைக்கீரை பறிக்கவும் வாழைக்கு எரு வைக்கவும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். தென்னைத் தண்டையோ பால்மரக் கட்டையையோ குறுக்கே போட்டுச் சமாளிப்பது நம்மிடையே பழைய வழக்கம். ஆனால், பால்மரத்தைப் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் விரைவில் கெடுத்துவிடும். தென்னை, மண்ணைத் தொடும் இடத்தில் மக்கிப்போகும். மேலே பார்க்க உறுதியாகவே தெரியும். கூடையோடு வரும் பாட்டி கால் வைக்கும்போதுதான் உண்மை தெரியவரும். ஆகவே நம்பி நடக்கத்தக்க ஒரு பாலத்தை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி, கால்வாய் யாருடையது என்பது. நம் வேலிக்குள் இருந்தால் கவலையில்லை. பொதுக் கால்வாய் என்றால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. கோலாலம்பூரானாலும் கிள்ளானானாலும் நகர மன்றத்தைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பிற்பகலில் பெருமழை பெய்து ஓய்ந்ததும் கரையில் நீர் ஏறிய தடத்தைப் பாருங்கள். பாலத்தின் அடிப்பாகம் அதற்கு ஓர் அடியாவது மேலே இருக்கட்டும். நடுவில் முட்டுக்கால் ஊன்றவே வேண்டாம். அதில் இலையும் பிளாஸ்டிக் பையும் சிக்கினால் நீர் அடுத்த வீட்டுக்குள் புகும். 1971 ஜனவரியிலும் 2021 டிசம்பரிலும் இப்பகுதி கண்ட வெள்ளத்தை நினைத்தால், ஓடும் நீருக்கு வழிவிடுவது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

இனி மரம். செங்கால் மரத்தின் வைரம் கரையானையும் மழையையும் தாங்கும், விலைதான் அதிகம். கெம்பாஸ் வலுவானது, ஆனால் மருந்தேற்றியதாகப் பார்த்து வாங்கவேண்டும். மெராந்தி இலேசானது, வெயிலிலும் மழையிலும் கிடக்க ஏற்றதன்று. மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது. அம்மருந்தில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கலாம்.

ஐந்தடி அகலக் கால்வாய்க்கு எட்டடி நீளமுள்ள, இரண்டுக்கு ஆறு அங்குலச் சட்டங்கள் மூன்று வேண்டும். இரு கரையிலும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி அமரும். சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அதே மரம்தான், நிமிர்ந்து நின்றால் மூன்று மடங்கு பாரம் தாங்கும், ஒன்பதில் ஒரு பங்கே வளையும். கால்வாயின் அகலம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். ஆதலால் பத்தடிக் கால்வாய்க்கு இந்த அளவு போதாது; அதைத் தச்சரிடம் விடுவதே நல்லது.

சட்டங்கள் மண்ணைத் தொடக் கூடாது. கரை விளிம்பிலிருந்து ஓரடி தள்ளிச் சிமெண்டுக் கட்டை பதித்து, அதன்மேல் தார்த்தாள் விரித்துச் சட்டத்தை வைக்கவும். விளிம்பை மழை அரித்தாலும் பாலம் நிற்கும். சட்டங்கள் சாயாதபடி இடையிடையே குறுக்குக் கட்டை அடியுங்கள்.

மேலே ஓரங்குலக் கனமும் ஆறங்குல அகலமும் மூன்றடி நீளமும் உள்ள பலகைகள் 15 போதும். பலகைக்குப் பலகை ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தண்ணீர் வடிந்துவிடும்; பாசியும் குறையும். வன்மரத்தில் ஆணி வளையும், மரமும் பிளக்கும். ஆகவே முதலில் துளையிட்டு, துத்தநாகம் பூசிய திருகாணியை முடுக்குங்கள்.

ஒரு பக்கமாவது மூன்றடி உயரக் கைப்பிடி வேண்டும். அதன் கால்களைப் பலகையில் பொருத்தாமல், ஓரச் சட்டத்தில் காலுக்கு இரண்டு போல்ட்டாகப் பொருத்துங்கள். பெரியவர்கள் சாயும்போது அந்தப் போல்ட்டுகள்தாம் காக்கும்.

கட்டி முடித்ததோடு வேலை தீராது. மாதம் ஒருமுறை பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை சட்டம் அமரும் முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினாலோ, கரையானின் மண்குழாய் தெரிந்தாலோ, அந்தச் சட்டத்தை மாற்றும்வரை பாலத்தில் ஒருவரையும் நடக்க விடாதீர்கள்.