பிரிட்டனில் தொழில் தொடங்க விசா: கையில் காசு இருந்தா போதுமா?

“காசு இருந்தா போதும், லண்டன்ல ஒரு கடையைப் போட்டு செட்டிலாகிடலாம்” என்ற நினைப்பு பலருக்கு உண்டு. ஆனால், பிரிட்டனின் ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’ விசா அப்படிக் கிடைப்பதல்ல.

2023 ஏப்ரலில் இந்த விசா வந்தபோது, முன்பிருந்த 50,000 பவுண்டு முதலீட்டு நிபந்தனை நீக்கப்பட்டது. தொழில் யோசனைதான் இப்போது முக்கியம். அது புதுமையாக, நடைமுறைக்கு ஒத்துவருவதாக, பெரிதாக வளரக்கூடியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் மளிகைக் கடையை வாங்கி நடத்த இந்த விசா உதவாது.

யோசனையை ஆராய்ந்து ஒப்புதல் கடிதம் தருபவை, அந்நாட்டு அரசு அங்கீகரித்த அமைப்புகள். கட்டணம் 1,000 பவுண்டு. கடிதத் தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலத் தகுதியும், சொந்தச் செலவுக்கான பணம் வங்கியில் இருப்பதற்கான ஆதாரமும் தேவை.

விசா 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 12, 24-வது மாதங்களில் தொழில் எப்படிப் போகிறது என்று அதே அமைப்பு விசாரிக்கும். ஒவ்வொரு சந்திப்புக்கும் 500 பவுண்டு. திருப்தி இல்லையென்றால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், விசாவே பறிபோகலாம்.

ஒப்புதல் கடிதம் வேறு, விசா வேறு. “கடிதம் வாங்கிட்டா விசா கேரண்டி” என்று யாராவது சொன்னால், பணம் கட்டுமுன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்த அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.