தோலின் சத்தும் வாங்குவோர் உரிமையும்

தாமிரபரணியும் அதனோடு சேரும் பச்சையாறும் பாயும் களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கங்களில் விளைந்த வாழைத்தார்கள் சிப்ஸ் கடைகளை அடைந்ததும், காயைச் சீவுமுன் உரித்தெறியும் தோல் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகிறது. நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைந்த அந்தப் பதார்த்தத்தை நம் பாட்டிமார் வீணாக்கியதில்லை. தோலைப் பொடியாக அரிந்து, கறுத்துவிடாதபடி மோர் கலந்த நீரில் இட்டு, நல்லெண்ணெயில் வதக்கி, தேங்காய், வற்றல் மிளகாய், புளி, உப்பு கூட்டி அம்மியில் அரைத்துத் துவையலாக்கினார்கள். பீர்க்கங்காய்த் தோலுக்கும் அவர்கள் கையில் அதே கதிதான்.

அதே தோலை உலர்த்தி மாவாக்கிக் கோதுமை மாவுடன் சிறிதளவு சேர்த்தால் ரொட்டியிலும் பிஸ்கோத்திலும் நார்ச்சத்து கூடுகிறது. அளவு மீறினால் நிறம் கறுத்துச் சுவையும் கெடுகிறது. 1993-இல் திருச்சியில் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தண்டில் ஊறுகாயும் பூவில் தொக்கும் செய்யும் முறைகளை வகுத்திருப்பதால், இது சிறு தொழில் செய்வோருக்கும் எட்டாத காரியமன்று.

ஆனால் பூச்சிமருந்தின் எச்சம் முதலில் தங்குமிடம் தோலே என்பதையும், சட்டம் தடைசெய்துள்ள கார்பைடு கல்லால் பழுக்கவைத்த பழத்தின் தோல் எந்த வகையிலும் உணவுக்கு ஆகாது என்பதையும் மறத்தல் அபாயம். ஈரத்தோடு குவித்துவைத்த தோலில் பூஞ்சணம் பிடித்தால், அதில் உண்டாகும் நஞ்சுகளிற் சில அடுப்புச் சூட்டாலும் அழிவதில்லை. ஆகவே உரித்த அன்றே கழுவி உலர்த்தாத தோலை மாட்டுக்கும் போடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய மாவு கலந்த பண்டத்தைப் பொட்டலமிட்டு விற்பவர், சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிடக் கடமைப்பட்டவர். உதிரியாக விற்கும் பண்டத்தில் அவ்வசதி இல்லை. எனினும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி எந்த உணவையும் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. சோதிக்கப்போவதை வாங்கும்பொழுதே வியாபாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் அறியார். குற்றம் மெய்ப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நெல்லைவாசிகள் இதற்காக வெளியூர் செல்ல வேண்டியதில்லை. அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

உண்டதனால் தேகத்துக்குக் கேடு விளைந்தால், அதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், ஏனைய கேடுகளுக்கு 1 லட்சம் வரையிலும், மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சமும் இழப்பீடு விதிக்கிறது. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். ரசீதும், மிச்சமிருக்கும் பண்டமும், அது வந்த உறையும் கையில் இருக்கட்டும்.