ஒரே நொடியில் ஒரு கடற்கரை

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை அடுத்துக் கீழவைப்பார் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அதன் கரையில் நின்று கடலை நோக்கினால் நம் கண்ணுக்குத் தெரிவது என்ன? இடப்புறக் கோடியிலிருந்து வலப்புறக் கோடி வரை கோடு கிழித்தாற்போல் அடிவானம். அதன் கீழே கடல். கரையோரம் வரிசையாகப் படகுகள். அகலம் மிகுந்து உயரம் குறைந்த காட்சி இது. இதைச் சாதாரணக் கேமராவில் எடுத்தால் வானமும் மணலும் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். கரையின் இரு கோடிகளும் விடுபட்டுப் போகும்.

பல படங்களை எடுத்து ஒட்டினால் என்ன? இது பழைய வழிதான். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை இம்முறையில் பதிவு செய்தார். 21 படங்களை இணைத்து அவர் உருவாக்கிய நீள்படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. கல்வெட்டு நகராது, எனவே படம் படமாக எடுக்க முடிந்தது. ஆனால் கடற்கரையில் எது நிற்கிறது? முதற் படத்தில் இருந்த அலை இரண்டாம் படத்தில் இராது. ஒரு படகு இரண்டு படங்களிலும் தோன்றலாம். அல்லது இரண்டிலும் விடுபடலாம். கைப்பேசியைப் பக்கவாட்டில் நகர்த்தி நீள்படம் எடுக்கும்போது நடந்து செல்பவரின் கால் துண்டாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணமும் இதுவே.

இக்குறையைப் போக்க இருவகைக் கேமராக்கள் தோன்றின. ஒருவகையில் லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுழலும். ஜப்பானின் வைடுலக்ஸ், சோவியத் நாட்டின் ஹொரைசான்ட் ஆகியன இவ்வகை. இவற்றில் பிலிம் வளைவாக அமைந்திருப்பதால், நேரான படகுத்துறை படத்தில் வில்போல் வளைந்து தோன்றும். மற்றொரு வகையில் லென்ஸ் சுழலாது; அகலமான படம் முழுவதும் ஒரே முறையில் பதியும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். கடற்கரைக்கு ஏற்றது இவ்வகையே.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சுவீடனின் ஹாசல்பிளாட் நிறுவனமும் ஜப்பானின் பியூஜி நிறுவனமும் இணைந்து 1998இல் வெளியிட்ட எக்ஸ்பான் கேமரா. இதன் தயாரிப்பு 2006இல் நின்றுவிட்டாலும், பழைய கேமராக்களைப் பலர் இன்றும் பயன்படுத்தி வருகின்றனர். சாதாரண 35 மி.மீ. பிலிமில் வழக்கமான 24×36 மி.மீ. படத்துக்குப் பதில் 24×65 மி.மீ. படத்தை இது பதிக்கிறது. 36 படங்களுக்கான சுருளில் 21 நீள்படங்கள் கிடைக்கும். 45 மி.மீ. லென்ஸுடன் இது ஏறத்தாழ 72 பாகை அகலமுள்ள காட்சியைப் பிடிக்கும்.

தொலைவை அறிவது எப்படி?

இக்கேமராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. மேலே தனியாக உள்ள காட்சிச் சாளரத்தின் வழியே பார்க்கிறோம். அதற்குச் சற்று விலகி இரண்டாவது சாளரம் ஒன்று உண்டு. இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் நடுவே உள்ள சிறு கட்டத்தில் சேர்ந்து தோன்றும். குவியம் சரியாக இல்லையேல் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் குவியம் சரியாகிவிடும். நம் இரு கண்களும் தொலைவை உணர்வது போன்ற ஏற்பாடு இது.

கடற்கரையில் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரு சாளரங்களும் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் பிம்பமும் பக்கவாட்டில்தான் நகரும். அடிவானமோ கிடைக்கோடு. கிடைக்கோடு தன் மேலேயே நகர்ந்தால் வேறுபாடு தெரியுமா? தெரியாது. ஆகவே பாய்மரம், கம்பம், படகின் முனை என நிமிர்ந்து நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அன்றேல் லென்ஸின் துளையை எப்11 ஆக்கிக் குவியத்தை 6 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 3 மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும்.

மட்டம் பார்த்தல்

நீள்படத்தில் சிறு சாய்வும் மன்னிக்கப்படாது. கேமரா ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும், 65 மி.மீ. அகலத்தில் அடிவானத்தின் ஒரு முனை மற்றதைவிட 1.1 மி.மீ. உயர்ந்துவிடும். 65 செ.மீ. நீளத்துக்குப் பெருக்கினால் 11 மி.மீ.! கடல் ஒரு பக்கமாக வழிவதுபோல் தோன்றும். எனவே முக்காலியும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போன்ற சிறு குமிழ் மட்டமும் தேவை. கேமராவை மேலே அண்ணாந்தோ கீழே குனிந்தோ வைத்தால் அடிவானம் நேராகவே இருக்கும். ஆனால் பாய்மரங்களும் கோயில் கோபுரங்களும் சாய்ந்து நிற்கும்.

ஒளியையும் கவனிக்க வேண்டும். லென்ஸின் ஓரங்களுக்கு ஒளி சாய்வாகச் செல்வதால், கோட்பாட்டின்படி 45 மி.மீ. லென்ஸில் படத்தின் இரு ஓரங்களிலும் மையத்தில் விழுவதில் பாதிக்கும் குறைவான ஒளியே விழும். நடுவில் கருமை ஏற்றிய வடிகட்டி ஒன்றை லென்ஸின் முன் பொருத்தி இதைச் சமன் செய்வர். வெண்மணல் ஒளிமானியை ஏமாற்றும். அது காட்டும் அளவைவிட ஒரு படி கூடுதலாக ஒளி கொடுங்கள். கீழவைப்பாரில் காலையில் கடற்பக்கம் சூரியன் எதிரே நிற்கும். பிற்பகலில் முதுகுப்புறம் வரும். ஆனால் மாலை முற்றினால் உங்கள் நிழலே படத்தினுள் நீண்டு விழுந்துவிடும்.

படம் அளவுகோலாகும்

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். அழகுக்காக மட்டுமன்று. முறையாக எடுத்த இத்தகைய படம் ஒரு கோணமானியும் ஆகும். நெகடிவின் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு கம்பம் விழுந்திருக்கிறது என்று கொள்வோம். 20ஐ லென்ஸின் குவியத் தூரமான 45ஆல் வகுத்தால் 0.444. அது 24 பாகையின் டேன்ஜென்ட். அதாவது, கேமரா நோக்கிய திசைக்கு 24 பாகை பக்கவாட்டில் அக்கம்பம் நின்றது. கரையில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று இவ்வாறு படம் எடுத்தால், கம்பம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் கணக்கிடலாம். கேமராவின் இரு சிறு சாளரங்கள் செய்யும் வேலையையே இங்கு நாம் பெரிய அளவில் செய்கிறோம்.

இந்தக் கணக்குக்கு இக்கரையில் தேவை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான விலங்குச்சல்லி கடலில் மூழ்கிவிட்டது. 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரியச்சல்லி, 2018இல் 6 ஹெக்டேருக்கும் கீழாகத் தேய்ந்தது. பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அலைகளைத் தடுக்கும் இயற்கை அரண் சிதைந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கரையிலும் வாழ்க்கை மாறியிருக்கிறது. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. பாய் விரித்த வள்ளங்களின் இடத்துக்கு இயந்திரப் படகுகள் வந்தன.

தீவையே கரையிலிருந்து படமெடுக்கலாமே என்று எண்ணாதீர்கள். 5 கி.மீ. தொலைவில், மரங்களுடன் சேர்த்து 5 மீட்டர் உயரமுள்ள தீவு, 45 மி.மீ. லென்ஸில் 0.045 மி.மீ. உயரமே பெறும், தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு! அகன்ற பார்வை தொலைவைச் சிறுக்கச் செய்கிறது. இக்கருவி பதிக்க வல்லது காலடியில் தொடங்கும் கரையைத்தான்: நீர் எதுவரை ஏறியது, மணல்மேடு எங்கே நின்றது, எத்தனை படகுகள் எந்த இடத்தில் கிடந்தன என்பவற்றை.

அத்தகைய பதிவைச் செய்ய விரும்பும் மாணவர்கள், நகராத அடையாளம் ஒன்றின் அருகே நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் அதே இடம், அதே உயரம், அதே திசை. படத்துடன் நாள், மணி, லென்ஸின் அளவு, கடலேற்றத்தின் நிலை ஆகியவற்றையும் எழுதி வைக்கவேண்டும். கடலேற்றத்தை மறக்கலாகாது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில், நீர் அரை மீட்டர் உயர்ந்தாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதைக் கடல் அரிப்பு என்று தவறாக எண்ணிவிடக் கூடும்.

எக்ஸ்பான் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. சாதாரணக் கேமராவின் அகன்ற லென்ஸில் ஒரே படமாக எடுத்து, மேலும் கீழும் மறைத்துப் பயன்படுத்தினால் நுணுக்கம் குறையுமே தவிர, கணக்கு மாறாது. ஆனால் வெட்டாத முழுப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மையம் எங்கே இருந்தது என்று தெரியாமல் கோணத்தை அளக்க முடியாது.