நுரைக்கு வழி விடுங்கள்

பார்லி மால்ட் சாற்றில் ஈஸ்ட்டைத் தூவிய பிறகு சில மணி நேரம் ஒன்றுமே நடக்காது. முதல்முறை பீர் காய்ச்சுபவருக்கு ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று கவலை வரும். மறுநாள் கவலை வேறு மாதிரி ஆகிவிடும். சாற்றின் மேல் வெள்ளைப் படலம் கட்டி, தடித்து, பழுப்புத் திட்டுகளோடு மளமளவென்று ஏறும். வாயு வெளியேற மூடியில் செருகிய ஏர்லாக்குக்குள் நுரை புகும். கூடவே வரும், கசப்புக்காகச் சேர்த்த ஹாப்ஸின் துணுக்குகள் அதன் குறுகலான வழியை அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் வாளியாக இருந்தால் மூடி தெறித்து, கூரைவரை பிசுபிசுப்பு அப்பும். கண்ணாடிக் கலமென்றால் உடைந்து சிதறவும் கூடும்.

இவ்வளவு வாயு எங்கிருந்து வருகிறது? 180 கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்ஸைடும் கிடைக்கும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகிவிடுகிறது. நடுத்தர வலுவுள்ள 20 லிட்டர் பீரில் ஈஸ்ட் செலவழிக்கும் சர்க்கரை சுமார் 1.7 கிலோ. அதிலிருந்து கிளம்பும் வாயு 400 லிட்டரைத் தாண்டும். அதில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே வெளியேறப் பார்க்கிறது.

ஆனால் வாயு மட்டும் இருந்தால் நுரை நிற்காது. சோடாவில் குமிழி வந்த வேகத்தில் உடைந்துவிடுகிறதே. பீரில் குமிழியைத் தாங்கிப் பிடிப்பது பார்லியின் புரதங்கள். எல்டிபி1 என்ற புரதம் கொதிக்கும்போது மடிப்பு அவிழ்ந்து, குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் அந்தத் தோலை இறுக்குகின்றன. ஈஸ்ட்டும் சும்மா இருப்பதில்லை. சில வகை ஈஸ்ட்டின் செல்சுவர் நீரை விலக்கும் தன்மை கொண்டது. அவை குமிழியைப் பற்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மேலே மிதந்து வருகின்றன.

இந்தக் கடைசி விஷயத்தை அக்கறையாக ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய சாக்கே மது புளிக்கும்போது நுரை வெகு உயரத்துக்கு எழும். அதற்காகவே தொட்டியில் கணிசமான பகுதியைக் காலியாக விட்டு, இரவெல்லாம் ஆள் காவல் இருக்க வேண்டியிருந்தது. நுரையை வழித்து எறிந்து, அடியில் தங்கிய செல்களை மட்டும் திரும்பத் திரும்ப வளர்த்து, நுரைக்காத ஈஸ்ட்டைப் பிரித்தெடுக்கும் முறையை 1971-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு 2002-ல், செல்சுவரின் அந்தத் தன்மைக்குக் காரணமான ஏடபிள்யூஏ1 என்ற மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. குணத்தைப் பார்த்து ஒரு நுண்ணுயிரியைப் பொறுக்கி எடுக்கும் இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தமானது.

அப்படிப் பொறுக்கிய நுண்ணுயிரிகளைப் பாதுகாத்துவரும் இடம் ஒன்று புனேயின் பாஷாண் சாலையில், தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குள் இருக்கிறது. தொழில்துறை நுண்ணுயிரிகளுக்கான தேசியச் சேகரிப்பகம் அது. பலவகை ஈஸ்ட்டுகள் அங்கே உண்டு.

பீர் விஷயத்திலும் புனே முந்திக்கொண்ட ஊர். நாட்டின் தொடக்ககால மைக்ரோபுரூவரிகளில் ஒன்றான டூலாலி 2009-ல் இங்கேதான் திறக்கப்பட்டது. பிறகு முண்ட்வாவில் இண்டிபெண்டன்ஸ் புரூயிங் கம்பெனி வந்தது. இதெல்லாம் உரிமம் பெற்றுச் செய்வது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம், 1949-ன்படி குற்றம். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. அங்கே இருக்கும் நம்மவர்கள் முயன்று பார்க்கலாம். புனேக்காரர்கள் மைக்ரோபுரூவரியில் போய்ப் பார்ப்பதே முறை.

அங்கே எஃகுத் தொட்டிகளுக்கு ஏன் குளிர்நீர்ம உறை போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். புளிப்பு வெப்பத்தையும் கிளப்புகிறது. அந்த வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், நாம் பார்த்த 20 லிட்டர் கலம் முன்பு இருந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். ஏல் வகை ஈஸ்ட் பலவும் 20 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். சித்திரை மாதத்துப் புனே அறையில் அதை விட்டால் தலைதெறிக்க ஓடும். நுரையும் பொங்கும், பீரில் வார்னிஷ் நெடியும் ஏறும். ஆகவே நுரையைக் கட்டுப்படுத்தும் முதல் வழி குளிர்ச்சிதான்.

அடுத்தது இடம். இட்லி மாவைப் பாத்திரத்தின் விளிம்புவரை ஊற்றி வைப்பவர் நம் வீடுகளில் கிடையாது. பீரும் அதே இடைவெளியைக் கேட்கிறது: 20 லிட்டருக்கு 25 முதல் 30 லிட்டர் கலம் வேண்டும். அதையும் மீறி ஏறினால் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, விரல் பருமனுள்ள குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கி கலந்த நீருள்ள வாளியில் அமிழ்த்த வேண்டும். நுரை வாளிக்குள் வழியும், வாயு கொப்பளித்துக்கொண்டு போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பயந்துபோய் மூடியை இறுக்குவதுதான் செய்யவே கூடாதது. சிலர் சிமெத்திகோன் கலந்த துளிகளை விடுவார்கள். வயிற்று வாயுவுக்குத் தரும் மருந்தில் இருக்கும் அதே பொருள். அது குமிழியின் தோலைக் கிழித்துவிடும்.

சில நாளில் நுரை தானாகச் சரிந்து, கலத்தின் சுவரில் பழுப்புக் கறையாகப் படியும். புளிப்பு முடிந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. அடர்த்திமானியை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரை அங்கே வாயுவாகும். அந்த அழுத்தத்தைக் கண்ணாடி தாங்காது.