மூதூர்: பாலத்துக்கு அடியில் ஒரு பாதை

அன்று திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லாஞ்சியில் போவோம். கொட்டியாரக் குடாவின் நடுவுக்கு வரும்போது கோணேசர் மலை பின்னால் சிறுத்துவிடும். முன்னால் முதலில் தென்னைகள், பிறகு கூரைகள், கடைசியில் இறங்குதுறை. தரைவழியே வந்தவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் 'பாதை' வரும்வரை காத்து நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் வாகனங்களை ஏற்றி ஆறு கடத்தும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். டீசல் மணம், கச்சான் விற்பவரின் குரல், தாமதத்தை ஏசிக்கொண்டே வளரும் சிநேகம் எல்லாம் அந்தக் காத்திருப்பில் இருந்தன.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று பிரசவ வலியெடுத்தவளை நள்ளிரவிலும் திருகோணமலைக்குக் கொண்டுபோகலாம். அதனால் பழைய பாதை திரும்ப வேண்டுமென்று நான் கேட்கமாட்டேன். அந்தக் காத்திருப்பு எங்காவது பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

பாலத்தைப் படம்பிடித்தால் பாலம் மட்டுமே விழும். தடித்த எண்ணெய் வண்ணத்தில் வரைபவருக்கு வேறு வழி உண்டு. ஓவியர் பிராங்க் அவர்பாக் அதைக் காட்டினார். அவர் பெர்லினில் பிறந்தவர். 1939இல், எட்டு வயது நிறையுமுன், தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரை நாசிகள் கொன்றார்கள். குண்டுவீச்சில் இடிந்த லண்டனில் புதுக் கட்டடங்கள் எழுந்த இடங்களை அவர் 1950களில் வரைந்தார். வண்ணத்தின் மேல் வண்ணம் அப்பி, சேறுபோலத் திரண்ட பரப்புகள் அவை. முதலில் இட்ட தீற்றல் உள்ளேயே கிடக்கிறது. மேலே உள்ளதை மேடாக்கி நிறுத்துவதும் அதுதான். இடிபாடும் புதுச் சுவரும் ஒரே பரப்பில் இருக்கின்றன.

நம்மவர்களில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூல் இதற்கு நெருங்கியது. அதில் எண்ணெய் வண்ணம் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கீறினார்கள். அதன்மேல் கட்டடக் கலைஞரின் வரைபடமும் ஓவியரின் சித்திரமும் படிந்தன.

மூதூரிலும் அடுக்குகளுக்குக் குறைவில்லை. 1660இல் றொபர்ட் நொக்ஸ் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி அரசனின் கைதியானது இந்தக் கொட்டியாரக் கரையில்தான். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஏறியது. 2006 ஓகஸ்டில் சண்டை ஊருக்குள் வந்தபோது முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். பக்கத்துச் சம்பூர்த் தமிழர்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு அலைந்தார்கள். அதே மாதம் பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 தொண்டுப் பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். இந்த ஊரை மெல்லிய நீர்வண்ணத்தில், அஸ்தமனமும் தோணியுமாக வரைந்து சுவரில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எழுத்தில் இப்படி அடுக்கடுக்காகப் பதியும் வேலையை மூதூர் மகன் வ. அ. இராசரத்தினம் செய்துவிட்டுப் போனார். அவரது 'தோணி' சிறுகதைத் தொகுப்பைத் திறந்தால் இந்தக் கரை அடர்த்தியாகவே இருக்கிறது. தூரிகையில் அப்படி ஒருவர் இன்னும் வர வேண்டும்.

மூதூர்ப் பள்ளிகளில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, பாதையில் ஆறு கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளை ஒருநாள் அவர்களோடு துறைக்குக் கூட்டிப்போங்கள். கேட்டு வரையச் சொல்லுங்கள். வண்ணத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.